சொன்னால்தானே தெரியும்!

கோதுமையும் பாலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மலைக்கிராமம் துணை நிற்பது எப்படி?

(பழனி மலைப்பகுதியில் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளிக் காலை உணவு சமைப்போர் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் டீயும் பிஸ்கட்டும் வந்தது. வெளியே மேகம் இறங்கி நல்ல குளிர். எல்லாரும் ஆசையா எடுத்துக்கிட்டீங்க. தட்டு என்னிடம் வந்தபோது நான் வேண்டாம் என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா, "ஏம்மா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்க, ஒண்ணும் ஆயிடாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு பிஸ்கட்டில் கோதுமை இருக்கிறது, பால் பவுடரும் இருக்கிறது. டீயில் பால் இருக்கிறது. இரண்டுமே என் உடம்புக்கு ஆகாது. அதைச் சாப்பிட்டால் எனக்கு மூன்று நாள் படுக்கைதான்.

இன்றைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டதும் இதைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை. உங்களை மாதிரியே இந்த மலையில் அடுப்படியில் நிற்கிற ஒருத்தி. எட்டு வருஷமாகக் கோதுமையும் பாலும் இல்லாமல் வாழ்கிறேன். ஊர் எனக்கு எப்படித் துணையாக வந்தது, இதே கஷ்டம் இருக்கிற ஒரு குழந்தைக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மாத்திரையில் போன வருஷங்கள்

எனக்கு ரொம்ப நாளாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை விடாமல் போட்டும் ரத்தம் ஏறவில்லை. சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும், அடிக்கடி பேதி, வாயில் புண், எடை குறைந்துகொண்டே போனது. "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே உடம்பு தேறும்" என்று வீட்டில் திட்டு. தேறுவதற்காகவே காலையில் ரொட்டியும் பாலும், ராத்திரி சப்பாத்தியும் கொடுத்தார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? தேற வேண்டும் என்று கொடுத்ததே கெடுத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர் ரத்தத்தில் 'டி.டி.ஜி.' என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமையை நிறுத்தினேன். உடம்பு பாதி தேறியது, முழுசாகத் தேறவில்லை. அதற்கப்புறம் மருத்துவர் சொன்னபடி பாலை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்த்ததில், பாலில் உள்ள கேசீனும் எனக்கு ஆகாது என்று தெரிந்தது.

குளூட்டன் எது, கேசீன் எது?

பேர் புதுசாக இருந்தாலும் இரண்டையும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பரோட்டா மாவைப் பிசைந்து இழுத்தால் அறுபடாமல் நீளுதே, அந்த இழுவையைக் கொடுப்பது குளூட்டன். கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் இருக்கும் புரதம் அது. மைதா, ரவை, சேமியா, கோதுமை ரவை எல்லாமே கோதுமைதான். ரவையைக் கோதுமை என்று நினைக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

பால் திரிந்து பன்னீராக, சீஸாகக் கட்டுதே, அந்தக் கட்டியில் இருக்கும் முக்கியமான புரதம் கேசீன்.

சீலியாக் நோய் உள்ளவருக்குக் குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே சொந்தக் குடலைத் தாக்கும். சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு சத்தான உணவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. குழந்தைகளுக்கு வளர்ச்சி நின்றுபோகும். பெரியவர்களுக்கு ரத்தசோகை, எலும்புத் தேய்வு வரும். சில பெண்களுக்குக் கருத்தரிப்பதிலும் சிரமம் உண்டு. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனை விலக்குவது ஒன்றே வைத்தியம்.

பாலிலும் ஒரு குழப்பம் உண்டு. பலருக்கு ஆகாதது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. அவர்களுக்குத் தயிரும் மோரும் ஓரளவு ஒத்துக்கொள்ளும். கேசீன் ஆகாதவருக்கு அப்படி இல்லை. தயிர், மோர், பன்னீர், பால்கோவா எதுவும் கூடாது. ஆட்டுப்பாலிலும் அதே மாதிரிப் புரதம் உண்டு என்பதால் அதுவும் தப்பிக்கிற வழி இல்லை. நெய்யில் புரதம் மிகக் குறைவுதான், ஆனால் துளி தங்கியிருக்கலாம். அதனால் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

கோதுமைதான் காரணம் என்பதை உலகம் கண்டுபிடித்த கதையும் ஒரு பஞ்சத்தோடு சேர்ந்தது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், அங்கே ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பசியில் வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். கோதுமை மேல் அவருக்கு ஏற்கெனவே இருந்த சந்தேகம் அதில் உறுதியானது. 1950ல் அதை ஆய்வேடாக வெளியிட்டார்.

நாலு பேரை எங்கே தேடுவது?

நோய் என்னவென்று தெரிந்த பிறகு எனக்கு வந்த முதல் ஆசை, என்னை மாதிரி இன்னொருத்தரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது. கிடைக்கவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

2016ல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். தெற்கே எடுத்த இடம் நம்ம வேலூர். வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு இந்த நோய். வடகிழக்கில் 4.66. நம்ம பக்கம் 0.11, அதாவது லட்சத்துக்குப் பதினோரு பேர். நோய் வருவதற்கான மரபணு வாய்ப்பு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட, இங்கே 25 கிராம்தான். நம்மை இதுவரை காப்பாற்றியதில் இட்லிக்கும் சோற்றுக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது காலையில் ரொட்டி, மாலையில் பிஸ்கட், ராத்திரி பரோட்டா, சர்க்கரை வந்தால் சப்பாத்தி என்று தட்டு மாறிக்கொண்டே வருவதையும் பார்க்கிறோம்.

இப்போ கணக்குப் போடுங்க. கொடைக்கானல் நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி 36,501 பேர். அந்த விகிதத்தை அப்படியே வைத்தால் ஊர் முழுக்க நாலு பேர். அந்த நாலு பேரில் எத்தனை பேருக்குத் தனக்கு இந்த நோய் என்று தெரிந்திருக்கும்?

டெல்லியில் இந்த நோயாளிகளுக்கென்றே சீலியாக் சொசைட்டி ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அங்கே நோயாளிகள் கூடிப் பேசலாம், ஒரே கடையில் மாவு வாங்கலாம். இந்த மலையில் நமக்கு அந்த வசதி கிடையாது. அப்படியானால் யார் துணை? தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர், மாவு மில்காரர், ரேஷன் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர், பள்ளியில் சமைக்கிற அக்கா, இவர்கள்தான். இவர்களுக்கு இந்த நோய் இருக்க வேண்டியதில்லை, விஷயம் தெரிந்தால் போதும்.

நான் இருந்த விரதம்

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். கல்யாண வீட்டில், காதுகுத்தில், "இன்னைக்கு விரதம்" என்று பொய் சொன்னேன். நம்ம மலையில் ஒரு வீட்டுச் சோற்றை வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்ற மாதிரி. அதற்குப் பயந்துதான் சாமி பேரில் போட்டேன். கொஞ்ச நாளில் எங்கேயும் போவதையே குறைத்துக்கொண்டேன். உடம்பு தேறியது, ஆனால் ஆள் ஒதுங்கிப் போனேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மதினி கேட்டார்: "செவ்வாயும் விரதம், வெள்ளியும் விரதம், ஞாயித்துக்கெழமையும் விரதம்னா அது என்ன விரதம்? எங்க வீட்டுல என்ன குறை கண்ட?" அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "இவ்வளவுதானா? சொன்னாத்தானே தெரியும்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டேன். வெறும் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். அன்று ராத்திரியே வயிறு பிடுங்கிக்கொண்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்தோம். பெருங்காய டப்பாவில் இருந்தது பதில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவும் பெரும்பாலும் கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் என்று அது போகாத இடமில்லை. மதினிக்கு என்னைவிட வருத்தம். ஆனால் அன்றோடு விட்டுவிடவில்லை. இப்போது அவர் வீட்டு ரசம் இறக்கும்போது எனக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் பெருங்காயம் போடுகிறார். எனக்கென்று ஒரு கரண்டி ஆணியில் தனியாகத் தொங்குகிறது.

அந்தக் கரண்டியிலிருந்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன். "எனக்கு உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஒவ்வொருவரிடமும் அவரால் முடிகிற ஒரே ஒரு வேலையைக் கேட்க வேண்டும். கேட்டால் செய்கிறார்கள்.

யாரிடம் எதைக் கேட்பது?

மாவு மில். கோதுமை அரைத்த கல்லில் அரிசியோ கேழ்வரகோ அரைத்தால், ஒட்டியிருக்கும் கோதுமை மாவு அதில் கலந்துவிடும். அரிசி மாவு தானே என்று நம்பி நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். அதற்காக எனக்கென்று தனி மில்லா வைக்க முடியும்? கோதுமைக்குத் தனி எந்திரம் வைத்திருக்கும் மில்லைத் தேடினேன். அங்கேயும் காலையில் திறந்ததும், துடைத்த எந்திரத்தில் முதல் ஆளாக அரைத்துக் கொடுக்கக் கேட்டேன். மில்கார அண்ணன் ஒப்புக்கொண்டார். முதலில் விழுகிற மாவை நான் எடுப்பதில்லை. வீட்டில் சின்ன மிக்ஸி இருந்தால் இன்னும் நல்லது.

ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். கோதுமை வேண்டும் என்பவர்கள் அரிசிக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும் முறையும் இருக்கிறது. நம்ம வீட்டில் இந்த நோய் இருந்தால் கோதுமையை விட்டுவிட்டு முழுவதும் அரிசியாகக் கேளுங்கள். அரிசியில் குளூட்டன் இல்லை. அளப்பவரிடம், கோதுமை அள்ளிய படியால் அள்ள வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லுங்கள். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கப்பட்டது. நம்ம மலைக்கும் அது வேண்டும் என்று நாம் கோரிக்கை வைக்கலாம். இந்த நோயாளிகளுக்கு மட்டும் என்றில்லை, சர்க்கரை நோயாளிக்கும் வளரும் பிள்ளைக்கும் அது நல்லது.

அங்கன்வாடி. இங்கே இருக்கிற டீச்சர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நாம் கொடுக்கும் சத்துமாவில் கோதுமையும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது அருமையான உணவு. யாரும் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் இணை உணவு தொடங்கிச் சில மாதங்களில், ஒரு குழந்தைக்கு விடாத பேதி, பானை மாதிரி வயிறு, மெலிந்த கைகால், எடை வரைபடம் கீழே இறங்குவது, இவையெல்லாம் சேர்ந்து தெரிந்தால் "பல் முளைக்குது", "கண்ணு பட்டிருச்சு" என்று விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, மையத்துக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமோ காட்டுங்கள். "கோதுமை ஆகாமல் இருக்குமோ, பார்க்க முடியுமா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். எனக்காக அந்தக் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருந்தால் பல வருஷம் மிச்சமாகியிருக்கும்.

பள்ளிக் காலை உணவு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் பல பேர் அதில் சமைப்பவர்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியல் வரும். ரவை, சேமியா, கோதுமை ரவை வரும் நாளில் சீலியாக் உள்ள பிள்ளை என்ன செய்யும்? எல்லாரும் சாப்பிடும்போது தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்காருமா? இல்லை, பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டு ராத்திரி துடிக்குமா? பட்டியலில் அரிசி உப்புமாவும் உண்டு. பெற்றோர் மருத்துவர் சீட்டோடு தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்கட்டும். அனுமதி கிடைத்தால், ரவையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே சின்னப் பாத்திரத்தில் ஒரு கை அரிசிக் குருணை வேக வைத்துவிடலாம். அதற்குத் தனிக் கரண்டி, பெருங்காயம் போடாத குழம்பு. பிள்ளையைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். அது முக்கியம். தட்டு வேறாக இருக்கலாம், பந்தி ஒன்றாக இருக்கட்டும். மதியம் கலவை சாதமும் முட்டையும்தான் என்பதால் சிக்கல் குறைவு. அங்கேயும் பெருங்காயத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

கோயிலும் ஆலயமும். பழனி பஞ்சாமிர்தத்தில் மலைவாழை, சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய், நெய். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பிரசாதம். அதில் கோதுமை கிடையாது. சீலியாக் மட்டும் உள்ளவர்கள் பக்தியோடு வாங்கிக்கொள்ளலாம். கேசீனும் ஆகாதவர்கள் நெய்யை நினைவில் வையுங்கள். பாதயாத்திரை போகும்போது வழி அன்னதானத்தில் சாம்பாரைத் தவிர்த்து, கையில் அவல், வெல்லம், நிலக்கடலை வைத்துக்கொள்வது என் பழக்கம். கிறிஸ்தவ சகோதரிகளுக்கு வேறு கவலை. நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதி கொடுத்திருக்கிறது. 2017ல் வத்திக்கான் அதை மறுபடி தெளிவுபடுத்தியது. அதுவும் ஆகாதவர்கள் திராட்சை ரசத்தை மட்டும் பெறவும் வழி உண்டு. பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கடைகளும் தங்கும் விடுதிகளும். கொடைக்கானல் 1845ல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறிய ஊர். ரொட்டி, கேக், சீஸ், சாக்லேட் என்றே பேர் வாங்கிவிட்டது. என்னை மாதிரி ஆளுக்கு ஏரிச்சாலையில் நடப்பதே சோதனை. இந்த ஊரில் எனக்கு ஒத்துக்கொள்கிற ஒரே பட்டர், பட்டர் ஃபுரூட்தான்! ஆனால் விடுதி நடத்துகிறவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கணும். வடக்கே சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய். வடக்கேயிருந்து இங்கே வரும் சுற்றுலாக் கூட்டத்தில் அவர்களும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் ரொட்டி இல்லாமல் தவிக்கிறார்கள். நம்ம அடுப்படியிலோ இட்லி, இடியாப்பம், புட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம் என்று அவர்கள் சாப்பிடக்கூடியது வரிசையாக இருக்கிறது. ரவை கலக்காத தோசை, கோதுமை படாத கல், பஜ்ஜி பொரிக்காத எண்ணெய், இந்த மூன்றும் சமையல்காரருக்குத் தெரிந்தால் போதும்.

மகளிர் குழுவினர் இதைத் தொழிலாகவும் செய்யலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதக் கூடாது. பதிவு செய்து, ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகுதான் அந்த வார்த்தையை அச்சடிக்க வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், பால், சோயா, நிலக்கடலை முதலிய ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் எழுதியாக வேண்டும் என்பதும் விதி. எனவே வாங்கும்போது அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். பால் பவுடர், கேசினேட், வே புரதம் என்று எந்தப் பேரில் இருந்தாலும் அது பால்தான். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி.

பால் இல்லாமல் எலும்புக்கு என்ன?

எல்லாரும் கேட்பார்கள்: "பாலே குடிக்கலைன்னா கால்சியத்துக்கு என்ன பண்ணுவ?" நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம்ம பாட்டிமார் குடித்த கூழுதான். அதோடு எள்ளு, அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, கம்பு, சோளம் எதிலுமே குளூட்டன் கிடையாது. இந்த மலையின் பளியர் மக்கள் காலம்காலமாகத் தோண்டிச் சாப்பிட்ட காட்டு வள்ளிக்கிழங்கிலும் கிடையாது. வெளிநாட்டில் விலை கொடுத்துத் தேடுவது நம்ம பரணில் கிடக்கிறது. இருந்தாலும் வளரும் குழந்தைக்குப் பாலை நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லணும். முதலாவது, சந்தேகம் வந்ததும் கோதுமையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். சோதனை முடிகிற வரை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கோதுமையும் பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே சீலியாக் நோயோ பால் ஒவ்வாமையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆசையில் சத்தைக் குறைத்துவிடக் கூடாது.

அரசு வாசல்கள்

உடல்நலச் சந்தேகங்களுக்கு 104க்குப் போன் செய்து கேட்கலாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை குடல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. ரேஷன் பொருள் பற்றிய புகாருக்கு 1967. மற்றக் கோரிக்கைகளுக்கு முதலமைச்சரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. கேழ்வரகு கேட்பதற்கும், பள்ளியில் தனிப் பாத்திரம் கேட்பதற்கும் அதைவிட நல்ல இடம் இல்லை.

இத்தாலியில் இந்த நோயாளிகளுக்கு மாவு, ரொட்டி வாங்க அரசே மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. அங்கே நோயாளிகள் அதிகம், கூடிக் கேட்டார்கள். இங்கே நாலு பேர்தான் என்பதால் எங்கள் குரல் கேட்காது. ஆனால் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவின் குரல் கேட்கும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

முடிக்கிறேன். மதினி ஆணியில் மாட்டிய அந்தக் கரண்டிக்கு எவ்வளவு செலவு? ஆனால் அது வந்த பிறகு நான் விரதப் பொய் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் போய் உட்காருகிறேன். இலையில் சோறும் வாழைப்பழமும் மட்டும் இருந்தாலும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உங்கள் தெருவிலும் "விரதம்" என்று சொல்லி ஒதுங்குகிற ஒருத்தர் இருக்கலாம். சாப்பாட்டை ஒதுக்குகிற ஒரு பிள்ளை இருக்கலாம். கோபப்படாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் பிஸ்கட் தட்டோடு இன்னொரு தட்டும் வரட்டும். அவித்த நிலக்கடலை, நம்ம மலைவாழை, ஒரு டம்ளர் வரக்காப்பி. நானும் உங்களோடு சேர்ந்து குடிக்கிறேன்.